அரை லிட்டருக்குள் ஒரு மூட்டை

உரக்கடை என்பது மழை பெய்தால் மட்டும் ஊருக்கு ஞாபகம் வருகிற கடை. வானம் வெளுத்திருக்கும் வரை எங்கள் வாசலில் ஆடுகள்தான் படுத்திருக்கும், முதல் மழை விழுந்த மறுநாள் காலையில் பத்துப் பேர் வந்து நின்று, "இன்னுமா திறக்கலை?" என்று ஷட்டரைத் தட்டுவார்கள். விதை, உரம், பூச்சிமருந்து என்று எதையாவது விற்று, விளைந்தால் மழைக்கும் விளையாவிட்டால் தங்களுக்கும் பேர் வாங்கிக்கொண்டிருக்கிற என் சகாக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் புதுவயலுக்குத் திரும்பினேன். மாமனார் நடத்திவந்த உரக்கடைக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கப் படித்தவர் ஒருவர் வேண்டியிருந்தது. வீட்டில் வேதியியல் பட்டம் வைத்திருந்தது நான் மட்டும். அந்தப் பட்டம் லைசென்ஸுக்குப் போதும், கடைக்குப் போதாது என்பது 'நானோ' உரம் வந்து இறங்கிய வருடம் தெரிந்தது.

கனமில்லாத சரக்கு

ஜெய்லானி எங்கள் கடையில் மூட்டை இறக்குகிறவர். பில் போடுவதும் அவர்தான். சரக்கின் தரத்தைத் தோளால் அளப்பவர். எந்தக் கம்பெனி மூட்டை எடை குறைவு என்று தராசு சொல்வதற்கு முன்னால் அவர் தோள் சொல்லிவிடும். நானோ யூரியா முதல் முறை வந்தபோது, ஒரு அட்டைப்பெட்டியை வலது கையால் தூக்கி வந்து மேஜையில் வைத்துவிட்டு, "மிச்சம் வண்டியில வருதாக்கா?" என்றார்.

மிச்சம் எதுவும் இல்லை, அவ்வளவுதான் என்றேன். யூரியாவைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக்கித் திரவமாகக் கொடுக்கிறார்கள், ஒரு அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்கிறார்கள், பெட்டிக்கு இருபத்துநாலு பாட்டில் என்று விளக்கினேன். அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"அப்ப இருபத்துநாலு மூட்டைய ஒத்தக் கையில தூக்கியாந்திருக்கேன். வெளிய சொல்லிராதீகக்கா, இனிமே ஒருத்தரும் எனக்கு இறக்குகூலி தரமாட்டாக."

மடையில் ஊற்றியவர்

கண்டனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு முதல் பாட்டிலை விற்றேன். நாலாம் நாள் காலிப் பாட்டிலோடு வந்து, "ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார். எப்படித் தெளித்தீர்கள் என்று கேட்டேன். தெளிக்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் நுழைகிற மடையில் மூடியைத் திறந்து கவிழ்த்துவிட்டு, அது கலந்து போவதை வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்க உரம் தண்ணீரோடு போய் வேரைச் சேர்வதைப் பார்த்தவர். இலைக்குச் சோறு ஊட்டலாம் என்று நான் ஒரே வரியில் சொன்னது அவருக்கு ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதாகப் பட்டிருக்கிறது.

இலையில் இருக்கும் நுண்துளைகளைப் பற்றிச் சொன்னேன். துகள் அதன் வழியாக உள்ளே போகும், தண்ணீரில் ஊற்றினால் தண்ணீரோடு ஓடிவிடும் என்றேன். "அப்ப என் பாட்டில் எங்க போயிருக்கும்?" என்றார். கீழ்வயலுக்கு என்றேன். அவர் முகம் மாறியது. கீழ்வயல் அவருடைய பங்காளிக்குச் சொந்தம். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அம்மா, போனதைத் திரும்ப எடுக்க ஏதாச்சும் மருந்து வந்திருக்கா?"

பெருவிரல்

யூரியா மூட்டை வாங்க வேண்டுமானால் மெஷினில் ஆதார் எண்ணைத் தட்டி விரல் ரேகை வைக்க வேண்டும். மண்வெட்டி பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்தவர்களின் விரலை மெஷின் ஏற்காது. மழைக்கு மறுநாள் இருபது பேர் வரிசையில் நிற்க, ஒருவரின் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த அனுபவம் உரக்கடைக்காரர் எல்லோருக்கும் இருக்கும்.

கருப்பையா அண்ணனை நான் அப்படித்தான் முதலில் அறிந்தேன். ஊருக்கு வெளியே கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். மழையை நம்பி வருடத்துக்கு ஒரு போகம் நெல். அதில் பாதி வீட்டுக்கு, பாதி ரைஸ் மில்லுக்கு. அன்றைக்கு அவர் விரலைத் துண்டால் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, வேட்டியில் தேய்த்து எல்லாம் பார்த்தும் மெஷின் சிவப்பு விளக்கையே காட்டியது. பின்னால் நின்ற அவர் மனைவி பஞ்சவர்ணம் மதினி, "தள்ளுங்க" என்று சொல்லித் தன் ஆதார் எண்ணைக் கொடுத்துப் பெருவிரலை வைத்தார். ஒரே தடவையில் பச்சை. மூட்டை அவர் பேரில் பில்லானது. மதினி அண்ணனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"மெசினுக்குக்கூடத் தெரியுது, வெள்ளாமை யாருதுன்னு."

பாதிக்குப் பாதி

நானோ உரக் கம்பெனியின் விற்பனை அலுவலர் காரைக்குடியிலிருந்து வாரம் ஒரு முறை வருவார். முப்பது வயது இருக்கும். மேலிடத்தின் கெடுபிடியைச் சட்டைப்பையில் போனாக வைத்துக்கொண்டு அலைபவர். ஊரில் ஒரு மாதிரி வயல் வேண்டும், நாலு பேர் பார்த்தால்தான் வாங்குவார்கள் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. நிறைய யூரியாவைக் கொட்டுகிறோம், அதில் பாதி காற்றிலும் தண்ணீரிலும் போகிறது, மண் கெடுகிறது. குறைந்த உரத்தில் அதே விளைச்சல் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

கருப்பையா அண்ணனைக் கேட்டேன். சொன்னபடி செய்கிற ஆள் என்பதுதான் காரணம். ஒரு ஏக்கருக்கு வழக்கம்போல இரண்டு தடவை யூரியா. இன்னொரு ஏக்கருக்கு அடியுரம் மட்டும் வழக்கம்போல. பயிர் வளர்ந்தபின் போடும் மேலுரத்துக்குப் பதில் பாட்டில், இரண்டு தடவை தெளிப்பு. நடுவரப்பில் குச்சி நட்டு ஒரு கயிறு. "ஒரே வெள்ளாமைதான் தங்கச்சி. தையில அறுக்கலைன்னா அடுத்த தை வரைக்கும் ரேசன் அரிசிதான் எங்களுக்கு" என்று ஒரு முறை சொன்னார். அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். கம்பெனியின் ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தில் யூரியாவின் தேவையைக் 'குறைக்கக்கூடும்' என்று இருந்தது. தமிழ்ப் பிரசுரத்தில் 'குறைக்கும்' என்று இருந்தது. இரண்டையும் படித்திருந்த நான், தமிழில் இருந்ததைத்தான் அவரிடம் சொன்னேன்.

"நீங்க உங்க வயல்ல போட்டுப் பாத்தீகளா?" என்று கேட்டார். எங்களுக்கு வயல் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, அப்ப என்னோடதை உங்க வயலுன்னு நினைச்சுக்கங்க."

பயிரின் முகம்

அண்ணன் ஒரு தப்பும் செய்யவில்லை. பாட்டிலை நன்றாகக் குலுக்கினார். லிட்டருக்கு நாலு மில்லி என்று மூடியால் அளந்து டேங்கில் ஊற்றினார். வெயில் ஏறுவதற்கு முன்பே தெளித்து முடித்துவிட்டு எனக்குப் போன் செய்து, "ஆச்சு" என்றார். மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. தெளித்த அன்றே மழை வந்தால் திரும்பத் தெளிக்க வேண்டும் என்பது விதி. திரும்பத் தெளிக்க மழை விட வேண்டும் என்பது அதற்கு முந்தைய விதி. நாலு நாள் விடவில்லை.

மழைக்கு முன்னாலேயே யூரியா போட்டிருந்த ஏக்கர் பச்சையாக நின்றது. பாட்டில் ஏக்கர் வெளுக்க ஆரம்பித்தது. கயிறு கட்டியிருந்ததால், ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூட வித்தியாசம் தெரிந்தது. அண்ணன் தினமும் காலையில் கடை வழியாக மொபெட்டில் போவார், நிற்கமாட்டார், திட்டமாட்டார். வாடிக்கையாளர் திட்டினால் பதில் சொல்லலாம். திட்டாமல் போனால் என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் நின்றார். வேரோடு பிடுங்கிய ஒரு நெற்குத்தைப் பில் மெஷின் பக்கத்தில் வைத்தார். அடியிலைகள் மஞ்சளாக இருந்தன. நான் அவசரமாக ஒரு புதுப் பாட்டிலை எடுத்து நீட்டி, இதற்குக் காசு வேண்டாம் என்றேன்.

"காசைப் பத்தி இங்க யாரு பேசினா? பயிரு முகத்தைப் பாருங்க."

பச்சை

மழை விட்டதும் அவர் மறுபடியும் தெளித்தார். பன்னிரண்டு பதிமூன்று நாள் கழித்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாட்டில் ஏக்கர் தேறியிருந்தது. தேறியிருந்தது மட்டுமல்ல, கயிற்றுக்கு அங்குட்டு இருந்த யூரியா ஏக்கரைவிட ஒரு பிடி கூடுதலாகவே பச்சை கட்டியிருந்தது. போட்டோ எடுத்தேன். அலுவலருக்கு அனுப்பினேன். அவர் உடனே மேலிடத்துக்கு அனுப்பினார். ஒரு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைக்கு யார் வந்தாலும் போனைக் காட்டினேன்.

அப்படிக் காட்டியவர்களில் ஒருவர் சிதம்பரம். கண்டனூரில் பெரிய வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்களின் நிலத்தை வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு பேசிப் பார்ப்பவர், எட்டு ஏக்கர். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த வருடம் எட்டு ஏக்கருக்கும் மேலுரம் பாட்டில் மட்டும்தான் என்று அங்கேயே முடிவு செய்தார்.

"மூட்டை அடுக்கி வைக்கிற ரூம்ல இனிமே ஆட்டைக் கட்டிறலாம்ல?"

மைக்

அறுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கருப்பையா அண்ணன் வயலில் கம்பெனி ஒரு விழா வைத்தது. சாமியானா, பேனர், எல்லோருக்கும் தலையில் மாட்டக் கம்பெனித் தொப்பி, பிஸ்கட், டீ. நாற்பது பேர் வந்திருந்தார்கள். சிதம்பரம் தொப்பியோடு முன்வரிசையில் இருந்தார். அலுவலர் அண்ணன் கையில் மைக்கைக் கொடுத்தார். முதலில் கூச்சப்பட்டார். பிறகு, பிடித்த மைக்கை விடவில்லை. "இந்தப் பக்கம் ஒரு பொட்டு யூரியா விழுகலை. எம்மேல சத்தியமாச் சொல்றேன்" என்றார். கைதட்டினார்கள்.

நான் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் மதினி பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கேனை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சத்தியம் பண்ண வேணாம்னு சொல்லுங்காத்தா. நான் போட்டேன்."

"என்ன போட்டீக மதினி?"

"யூரியா. மழை விட்டதுக்கு மூணாம் நாளு. களையெடுக்க வந்தப்ப."

"எவ்வளவு?"

"அந்தப் பக்கத்துக்கு ரெண்டாந்தரம் போட வச்சிருந்ததுல பாதி. குறைஞ்சது தெரிஞ்சிரக் கூடாதுல்ல, மிச்சத்துல மணலைக் கலந்து வச்சேன். மணல் கலந்து வீசுறதுதான வழக்கம், அவுகளும் கேக்கலை. ஒரே பந்தியில ஒருத்தனுக்குச் சோத்தைப் போட்டு, ஒருத்தனுக்கு வாசனையக் காட்டினா பாத்துக்கிட்டா இருக்க முடியும்?"

ஆக, நாங்கள் எல்லோரும் வியந்த பச்சை, பாட்டிலும் யூரியாவும் சேர்ந்து செய்தது. அதற்கு நாங்கள் ஒப்பிட்ட ஏக்கரோ, அரைவயிறும் மணலுமாக நின்ற ஏக்கர். பரிசோதனைக்கூடத்தில் என்றால் ஒரு மாதிரி கெட்டுப்போனால் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதித் தொட்டியில் கொட்டிவிட்டு அடுத்ததை எடுப்போம். இங்கே கெட்டுப்போன மாதிரிக்கு ஒரு புருஷன் இருந்தார். அவர் கையில் மைக் இருந்தது. நாற்பது பேர் முன்னால் அப்போதுதான் சத்தியம் செய்திருந்தார். சொன்னால் அவர் தலை குனியும். சொல்லாவிட்டால், அடுத்த வருடம் சிதம்பரத்தின் எட்டு ஏக்கரும் இதை நம்பி நிற்கும். இன்னும் எத்தனை பேரின் ஏக்கர்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலெல்லாம் ஒரு பஞ்சவர்ணம் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"மதினி, சொல்லட்டுமா?" என்றேன்.

"சொல்லுங்க. நான் என்ன, அடுத்தவன் வயல்லயா போட்டேன்?"

முன்னால் போய் மைக்கை வாங்கினேன். இந்த ஏக்கரில் யூரியாவும் விழுந்திருக்கிறது, அண்ணனுக்கு அது தெரியாது, அந்த ஏக்கரில் இரண்டாம் தடவை பாதிதான் விழுந்திருக்கிறது. அதனால் எது எதைவிட நல்லது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, யாரும் முழு வயலையும் மாற்ற வேண்டாம், ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள் என்றேன். யார் போட்டது என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் டீக் கேன் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது: "முப்பது வருசமா எனக்குத் தெரியாம இவ ஒரு காரியம் செஞ்சதில்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"தெரியச் செஞ்சா விட்ருவீகளாக்கும்?" என்றார் மதினி அங்கிருந்தே. "பயிரு வெளுத்துக் கெடக்கு. நீங்க பெருமாள் மாடாட்டம் கயித்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீக. எனக்குக் கயிறு முக்கியமா, பயிரு முக்கியமா?"

முதலில் சிரித்தவர் சிதம்பரம். பிறகு எல்லோரும். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அலுவலர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, களைப்பாக இருந்தார்.

"ஒரு பத்து நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா மேடம்? குரூப் போட்டோ எடுத்து முடிச்சிருப்பேன்."

அறுப்புக்குப் பிறகு

தையில் மெஷின் வந்து அறுத்தது. இரண்டு ஏக்கரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே விளைந்திருந்தன. வீட்டுக்கும் மில்லுக்கும் வழக்கம்போல நெல் போனது. பாட்டில் காப்பாற்றியதா, மதினி கைவீச்சு காப்பாற்றியதா, கடைசியில் அடித்த நல்ல வெயிலா என்று என்னைக் கேட்டால், தெரியாது என்பதுதான் பதில். கடையில் அந்தப் பதிலைச் சொல்லிப் பழகுவதற்கு எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. பாட்டில் விற்பனை நின்றுபோகும் என்று எதிர்பார்த்தேன், நிற்கவில்லை. ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்று கேட்டார்கள். சிதம்பரம் எட்டு ஏக்கரில் ஒரு மூலைக்கு மட்டும் வாங்குவதாகச் சொன்னார்.

விழா முடிந்து இரண்டு நாள் அண்ணன் மதினியோடு பேசவில்லை என்று ஜெய்லானி தகவல் சொன்னார். அறுப்பெல்லாம் முடிந்து ஒரு நாள் இருவரும் ஒரே மொபெட்டில் வந்து இறங்கினார்கள். அடுத்த வருடமும் போட்டுப் பார்க்கலாம் என்று அண்ணன் ஆரம்பித்தார். வேண்டவே வேண்டாம் என்றேன். ஒரு வருடம் அவர்கள் சாப்பாட்டோடு விளையாடியது எனக்குப் போதும். மதினி குறுக்கே வந்தார். ஏக்கர் கணக்கில் வேண்டாம், ரோட்டோரம் நாலு சின்னப் பாத்தி போதும், போனாலும் வீட்டுக்கு வலிக்காது என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இருபது வருடம் பரிசோதனைக்கூடத்தில் சம்பளம் வாங்கிய எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

"ஒண்ணுக்குப் பாட்டில், ஒண்ணுக்கு மூட்டை, ஒண்ணுக்கு ரெண்டும், ஒண்ணு சும்மா கெடக்கட்டும். எது எதுன்னு உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். இவுகள வரப்புல நின்னு பாத்துச் சொல்லச் சொல்லுவோம்."

நானோ உரம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அடுத்த தைக்குப் பிறகு ஒருவேளை என்னால் சொல்ல முடியும். இப்போதைக்கு நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது, பயிர் வெளுத்தால் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி வீட்டில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள் என்று எந்தப் பிரசுரமும் நம்பிவிடக் கூடாது என்பது மட்டும்தான்.